யுவா வருவதற்குள் ஒரு சிக்கன் நூடுல்ஸ்

தண்ணீர் கொதிக்கட்டும். கொதிக்கிறது. இல்லை, இது போதாது, குமிழி பெரிதாக வரவேண்டும், சின்னக் குமிழியில் போட்டால் நூடுல்ஸ் களியாகிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். உப்புப் போட்டாயிற்று, எண்ணெய் ஒரு சொட்டு விட்டாயிற்று, இனி பாத்திரத்தையே முறைத்துக்கொண்டு நின்றால் அது பயந்துபோய்ச் சீக்கிரம் கொதிக்குமா என்ன. செண்பகவல்லி, உனக்கு இன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலிருந்தே இப்படித்தான். ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் எடுத்துத் தரச் சொன்னாள், நான் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன், அவள் என்ன நினைத்தாளோ. மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். வெளியூரிலிருந்து மகன் வருகிறான் என்றால் எந்த அம்மாவும் கடையைச் சாத்தத்தான் செய்வாள், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. யுவா கரூர் தாண்டிவிட்டானாம். பெங்களூரிலிருந்து பகல் பஸ். "மதியம் ஒண்ணுமே சாப்புடலம்மா, நீ என்னமோ ஸ்பெஷல்னியே, அதுக்காக வயித்தக் காயப்போட்டு வாரேன்" என்றான் போனில். அவன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறான், நான் அவன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். அவன் சரி என்றால் எனக்குக் கல்யாணம். இல்லை என்றால் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே காது சூடாகிறது, இது அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம், அடுப்பு வயிற்றுக்கு நேராக இருக்கிறது, காது எங்கே இருக்கிறது. ஆ, இதோ பெரிய குமிழி. போடு.

வெள்ளைக் கட்டியாக இருந்தது தளர்ந்து பிரிகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. கிண்டாதே. கிண்டினால் உடையும். முள்கரண்டியால் லேசாக விலக்கி மட்டும் விட வேண்டும். பிரியாணிக்குப் பேர் போன திண்டுக்கல்லில், தெருவுக்கு நாலு பிரியாணிக் கடை இருக்கிற ஊரில், ஒருவர் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டுப் பிழைத்துவிடலாம் என்று நம்பி வந்தாரே, அந்தத் தைரியத்தை என்ன சொல்வது. அருளப்பன். பேரை மனசுக்குள் சொல்லும்போது கூட 'அப்பன்' என்ற இடத்தில் கொஞ்சம் இடறுகிறது, ஆனால் அருள் என்று சுருக்கிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அதனால் நான் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை, 'இங்க பாருங்க' என்றுதான். முதல் நாள் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, சாயந்தரம் ஒரு பல்பு எரியிற அளவுக்கு மட்டும் உங்க கடையிலேர்ந்து ஒரு லைன் குடுப்பீங்களா" என்று கேட்டார். கொடைக்கானலில் பெரிய ஹோட்டலில் சைனீஸ் அடுப்பில் பல வருஷம் நின்றவராம், தங்கச்சிகளைக் கரையேற்றுவதிலேயே வயசு போய்விட்டதாம், இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு பல்புதான். கொடுத்தேன். பல்பு எரிந்தது. சாயந்தரமானால் என் கடைக்கு முன்னால் டங்கு டங்கு என்று கரண்டிச் சத்தம், புகை, காலேஜ் பையன்கள் கூட்டம், அதில் என் மகனும் ஒருத்தன். யுவா மூன்று வருஷமும் அங்கேதான் கிடந்தான். "அருள் அண்ணே, ஒரு சிக்கன், காரம் தூக்கலா" என்பான். நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்பேன். அக்கா, பல்பு மங்குது. அக்கா, மழை வருது, வண்டியக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறவா. அக்கா, அக்கா என்று நூறு அக்கா. பிறகு ஒருநாள், ஏதோ ஒரு சாதாரண நாள், "சில்லரை இருக்குதா" என்று கேட்டார். அவ்வளவுதான். பின்னால் அக்கா இல்லை. நான் கல்லாவைத் திறந்துகொண்டு அந்த இல்லாத அக்காவுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமும் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஐயோ, நூடுல்ஸ். எடு, ஒன்றைக் கிள்ளிப் பார், நடுவில் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும், இருக்கிறது. வடிகட்டு. பச்சைத் தண்ணீரில் அலசு. தாம்பாளத்தில் பரப்பி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் புரட்டி ஃபேனுக்கு அடியில் வை. அடுக்களையில் ஏது ஃபேன், ஹாலில்தான் வைக்க வேண்டும், ஹாலில் கருணாகரன் படம் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போன மனிதர். பாவம், நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை, படத்திலும் பேசப்போவதில்லை. சாயந்தர விளக்கு ஏற்றும்போது ஒரு வாரமாக அவர் முகத்தை நேராகப் பார்க்காமல் இருந்தேன், நேற்றுத்தான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் எப்போதும்போலத்தான் இருந்தார், எனக்கே ஏமாற்றமாகிவிட்டது. தாம்பாளத்தை அவருக்கு எதிரே ஸ்டூலில் வைக்கிறேன். காயட்டும். இந்த வீட்டில் நூடுல்ஸ் புதுசு ஒன்றும் இல்லை. யுவா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை செய்வேன், எனக்குத் தெரிந்த விதத்தில், சேமியா உப்புமா செய்வதுபோல. அவன் சாப்பிடுவான், கடைசியில் "கடை டேஸ்ட் வரலம்மா" என்பான். எத்தனை தடவை சொல்லியிருப்பான். இன்றைக்கு வரும்டா. இன்றைக்கு வராமல் எங்கே போகும். அருளப்பன் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அவருடைய விழுதைக் கொடுத்திருக்கிறார், பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்து எண்ணெயில் சுருள வதக்கியது, அதுதான் அந்த வண்டியின் உயிர், வேறு எந்த வண்டிக்காரரிடமும் அந்த ருசி கிடையாது, அவர் அதை யாருக்கும் கொடுத்ததும் கிடையாது. என் யோசனை இதுதான். யுவா ஒரு வாய் வைப்பான். கண்ணைத் தூக்கிப் பார்ப்பான். "அம்மா, இது அருள் அண்ணன் கைப்பக்குவமாச்சே, உனக்கு எப்படி?" என்று அவனே கேட்பான். கேட்டுவிட்டானென்றால் பிறகு நான் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கொடுத்தார் என்பேன். எதுக்கு உனக்குக் குடுத்தாரு என்பான். நான் சும்மா நிற்பேன். அவன் புத்திசாலி, புரிந்துகொள்வான். வாயால் சொல்ல எனக்குக் கூசுகிறது, அந்த நூடுல்ஸ் சொல்லட்டும். பூனைக்கு மணி கட்ட ஒரு டப்பா விழுது கிடைத்திருக்கிறது.

சிக்கன். எலும்பில்லாமல் நீளநீளமாக வெட்டித் தரச் சொன்னேன், கறிக்கடைக்காரர் "என்னக்கா, புள்ள வாரானா" என்றார், ஊருக்கே தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் மெல்லிசாக நறுக்கலாம், நாருக்குக் குறுக்காக. கழுவு, நீரை ஒட்டப் பிழி, சோயா சாஸ், மிளகுத்தூள், சோளமாவு. கை எங்கே போகிறது பார். மஞ்சள் தூளுக்குப் போகிறது! நிறுத்து. கோழியைக் கண்டால் மஞ்சள், மஞ்சளைக் கண்டால் கோழி, முப்பது வருஷமாகப் பழகிய கை, அது என்னைக் கேட்டா செய்கிறது. "மஞ்சள் மட்டும் போட்டுறாதீங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்னார், நான் கோபித்துக்கொண்டேன், எனக்குத் தெரியாதா என்று. தெரிந்து என்ன, விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. துடைத்தேன். பிழைத்தேன். சந்தோஷமாக இருக்கிறது, பரீட்சையில் காப்பி அடிக்காமல் தப்பித்த மாதிரி, இல்லை, அடித்துவிட்டுத் தப்பித்த மாதிரி. அஞ்சறைப் பெட்டியை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடலாமா? எதற்கு, நான் என்ன சின்னப் பிள்ளையா, இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பேன்.

கோஸ், கேரட், குடைமிளகாய், பீன்ஸ், வெங்காயத்தாள். எல்லாவற்றையும் நூல் நூலாக. கத்தி நன்றாகப் போகிறது, கை தாளம் போடுகிறது, டக்டக்டக். அவர் நறுக்கும்போது பலகையையே பார்க்க மாட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நறுக்குவார், ஒருநாள் ரோட்டைப் பார்க்காமல் என் பக்கம் பார்த்துக்கொண்டு நறுக்கினார், விரலில் வெட்டிக்கொண்டார், நான்தான் பிளாஸ்திரி ஒட்டினேன். போன மாசம் அந்த சாயந்தரம், கூட்டம் இல்லை, ஒரே ஒரு பார்சல், கரண்டியைச் சுழற்றிக்கொண்டே என்னவோ சொன்னார். டங்குடங்குச் சத்தத்தில் காதில் விழவில்லை. "என்ன?" என்று கத்தினேன். அவர் அடுப்பைச் சிம்மில் வைத்தார். அருளப்பன் அடுப்பைச் சிம்மில் வைத்து நான் பார்த்ததே இல்லை, மழையிலும் காற்றிலும் அந்த அடுப்பு நிமிர்ந்துதான் எரியும். தெரு திடீரென்று அமைதியாகிவிட்டது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்துறலாமான்னு கேட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல், வாணலியைப் பார்த்து. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரருக்கே கேட்டிருக்கும். நான் என்ன சொன்னேன்? "பார்சல் அடிப்பிடிக்குது பாருங்க" என்றேன். ஒரு பெண்ணிடம் ஒரு மனிதர் இப்படிக் கேட்கிறார், அவள் சொல்கிற பதில் அடிப்பிடிக்குது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பார்சல்காரப் பையன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். மறுநாள்தான் சொன்னேன், "யுவா சரின்னா சரி. இல்லன்னா இல்ல." அவர் தலையை ஆட்டினார், "அதான் நியாயம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. கொஞ்சம் வற்புறுத்தினால்தான் என்ன, என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

யுவா சரி என்பானா. ஏன் சொல்ல மாட்டான், என் பிள்ளை, பெங்களூரில் இருக்கிறான், நாலு தேசத்து ஆட்களோடு வேலை பார்க்கிறான். பெங்களூரில் இருந்தால் என்ன, அம்மா என்று வந்தால் எல்லாப் பிள்ளையும் திண்டுக்கல்தான். ஜாதி வேறு, சாமி வேறு, தள்ளுவண்டி வேறு. நேற்றுவரை அவன் அண்ணே என்று கூப்பிட்டுத் தட்டு வாங்கிச் சாப்பிட்ட வண்டிக்காரர். அவன் சிநேகிதர்கள் சிரிப்பார்களே. கோடித்தெருவில் அவன் அத்தை இருக்கிறாள், என் நாத்தனார், அவள் காதுக்குப் போனால் தேர் இழுக்காத குறையாக ஊரைக் கூட்டிவிடுவாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. "இந்த வயசுல உனக்கு என்னம்மா" என்று யுவா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நான் அப்படியே சுருண்டு விழுந்துவிடுவேன், அதனால் அந்த வார்த்தை வராத மாதிரிப் பேச வேண்டும். எப்படி ஆரம்பிக்கிறது? யுவா, அம்மா ஒண்ணு கேக்கட்டுமா. வேண்டாம், ஏதோ கடன் கேட்பது மாதிரி இருக்கிறது. யுவா, எனக்குத் தனியா இருக்கக் கஷ்டமா இருக்குடா. பொய், எனக்கென்ன கஷ்டம், நான் நன்றாகத்தான் இருந்தேன், இப்போதுதான் இருப்புக் கொள்ளவில்லை. யுவா, உனக்கு ஆட்சேபணை இல்லன்னா. ஆட்சேபணை! நோட்டீசா ஒட்டப்போகிறேன். போன் அடிக்கிறது, ஈரக் கையோடு எடுக்கிறேன். "வேடசந்தூர் தாண்டியாச்சும்மா. அடுப்பப் பத்த வையி, வந்தவொடன சாப்புடணும்." வேடசந்தூரா! இன்னும் அரை மணியில் வந்துவிடுவான். "மெதுவா வாடா" என்கிறேன், பஸ்ஸை அவனா ஓட்டுகிறான். போனை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறேன், உள்ளங்கையெல்லாம் குளிர்ந்துபோய். பயம்தான். பயம் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஆசை வெட்கம் அறியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

சரி, இரும்பு வாணலி. அடுப்பை முழுசாக ஏற்று. புகை வரும்வரை காய வேண்டும், வீட்டு அடுப்புக்கு வண்டி அடுப்பின் வேகம் கிடையாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சிக்கனை முதலில் வதக்கி எடுத்து வைத்துவிட்டேன், ஓரமெல்லாம் பொன் நிறம், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன், அடடா. இனி வாணலியில் மறுபடி எண்ணெய், எண்ணெய் புகைந்ததும் விழுது, விழுது போனதும் காய், காய் அரை வேக்காட்டில் நூடுல்ஸ், சிக்கன், கடைசியில் சோயா சாஸ், அதுவும் நூடுல்ஸ் மேலே ஊற்றக் கூடாது, வாணலி ஓரத்தில் சுற்றி ஊற்ற வேண்டும், அது சூட்டில் சுர்ரென்று கருகி ஒரு வாசம் வருமே, அதுதான் வண்டி வாசம். இடது கையில் டப்பா தயார். மூடியைத் திறந்தாயிற்று. எண்ணெய் காய்கிறது. யுவா, அருள் அண்ணன் இருக்காருல்ல. ஆமாம்மா, என்பான். அவரு ரொம்ப நல்ல மனுஷன்டா. ஆமாம்மா, என்பான். அவருக்கும் யாரும் இல்ல. ம், என்பான், இப்போது அவன் முகம் மாறும், சாப்பாட்டிலிருந்து கை எடுப்பான், நான் என்ன சொல்வேன், எனக்கும் நீ பெங்களூரு போயிட்டப்புறம், ஐயோ அழுதுவிடுவேன், அழக் கூடாது, அழுதால் அவன் சரி என்பான், அழுது வாங்குகிற சரி எனக்கு வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், எண்ணெய் புகைகிறது, யுவா நீ கோவிச்சுக்காம கேளு, இதோ புகைகிறது, போடு, போடு, படபடபடவென்று என் முகத்துக்கு நேராக எதுவோ வெடிக்கிறது. கடுகு. கடுகு! கடுகும் உளுத்தம்பருப்பும்! என் வலது கை அஞ்சறைப் பெட்டிக்கு எப்போது போனது, எப்போது வந்தது, கறிவேப்பிலை வேறு, ஒரு கொத்து கறிவேப்பிலையை உருவிப் போட்டிருக்கிறேனே, அடியே, அது சடசடவென்று பொரிகிற அதிர்ச்சியில் இடது கை ஆடி டப்பா விழுதும் மொத்தமாக வாணலிக்குள் சாய்ந்துவிட்டது. எல்லாம் ஒன்றாகி வறுபடுகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அணைக்கவா? கொட்டவா? கொட்டினால் விழுது ஏது, வண்டிக்கு ஓடவா, வேடசந்தூர் தாண்டிவிட்டானே, ஓடினால் பஸ் ஸ்டாண்டிலேயே எதிரே வந்து நிற்பானே. கருகுகிறது. காயைப் போடு. போடு, செண்பகம், போட்டுக் கிளறு. கோஸ், கேரட், எல்லாம் ஒன்றாக, நூடுல்ஸ், சிக்கன், அள்ளிப் புரட்டு, டங்குடங்கு, நானும் அடிக்கிறேன் கரண்டியை, கோபத்தில் அடிக்கிறேன், கை வலிக்க அடிக்கிறேன், ஓரத்தில் சாஸ், சுர்ர், கொஞ்சம் வினிகர், வெங்காயத்தாள், இறக்கு. நெற்றியில் வேர்வை வழிகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சனியன், நடுநடுவே கறிவேப்பிலையும் கறுப்புப் பொட்டு மாதிரி கடுகும் இல்லையென்றால் வண்டி நூடுல்ஸேதான்.

ஒரு வாய் தின்று பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறேன். ருசி மோசமில்லை. உளுத்தம்பருப்பு கறுக்கென்று கடிபடுகிறது. ஆனால் அருளப்பன் இதில் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை, கறிவேப்பிலை எழுந்து நின்றுகொண்டு அவரை உள்ளே விடமாட்டேன் என்கிறது. இது யுவாவின் அம்மா செய்த நூடுல்ஸ், பள்ளிக்கூட நாளில் செய்த அதே நூடுல்ஸ், கொஞ்சம் காரம் அதிகம், அவ்வளவுதான். இதை வாயில் வைத்து என் பிள்ளை யாரை நினைப்பான்? இது ஒன்றும் சொல்லாது. எனக்காகப் பேச வேண்டியதை நானே தாளித்துவிட்டேன். மேடைக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது, மிளகாய் நெடி. சரி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம், அவன் மூன்று நாள் இருப்பான். நாளைக்கு என்றால் அத்தை வீட்டுக்குப் போவான், மறுநாள் சிநேகிதர்கள், அப்புறம் பஸ். அப்புறம் தீபாவளி. அதுவரை அருளப்பன் பல்புக்குக் கீழே நின்றுகொண்டு, "பேசிட்டீங்களா" என்று கேட்காமல், கேட்க மாட்டார் அவர், கேட்காமலே நிற்பார். யுவா சரின்னா சரி, இல்லன்னா இல்ல. என்ன வாய் இது எனக்கு. இல்லன்னா இல்ல என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் இல்லை என்று சொல்வதுபோல. இல்லையென்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தேனா. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சாயந்தரம் வரும், கரண்டிச் சத்தம் வரும், நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன், அவர் "அக்கா, சில்லரை இருக்குதா" என்று கேட்பார். ஐயோ, வேண்டாம். அந்த அக்கா எனக்கு வேண்டவே வேண்டாம். எனக்கு அவர் வேண்டும். இதோ, இவ்வளவுதானே, எனக்கு வேண்டும். மனசுக்குள் சொல்லிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை. காலிங்பெல் அடிக்கிறது.

பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், "அம்மா, பசி உசுரு போகுது" என்று நேராக மேசைக்குப் போகிறான், முகத்தைக்கூடக் கழுவவில்லை. மெலிந்திருக்கிறானா, இல்லை, தாடி வைத்திருக்கிறான், அதுதான் அப்படித் தெரிகிறது. "கைய மட்டுமாவது கழுவுடா" என்கிறேன், என் குரல்தானா அது, ஒரு சுருதி மேலே இருக்கிறது. கழுவிவிட்டு வருகிறான். தட்டை வைக்கிறேன். நூடுல்ஸை அள்ளி வைக்கிறேன். ஆவி பறக்கிறது. அவன் குனிந்து பார்க்கிறான், முள்கரண்டியால் ஒரு கறிவேப்பிலையைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடிக்கிறான்.

"அம்மா, என்னம்மா இது?"

"நூடுல்ஸ்டா. சைனீஸ் ஸ்டைல்."

"சைனாவுல கடுகு தாளிப்பாங்களா?" சிரிக்கிறான். ஒரு வாய் வைக்கிறான், மெல்லுகிறான், அவன் கண் என்னிடம் வரவில்லை, அவன் வாய் யாரையும் தேடவில்லை, பசியோடு அடுத்த வாய்க்குப் போகிறது. நான் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒண்ணு கேக்கட்டுமா, கஷ்டமா இருக்குடா, ஆட்சேபணை இல்லன்னா, கோவிச்சுக்காம கேளு, எல்லாம் வரிசையில் வந்து நின்று ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன, வாயைத் திறக்கிறேன்.

"யுவா, நான் அருளப்பனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

மெல்லுவது நிற்கிறது. "எந்த அருளப்பன்?" என்கிறான். அவனுக்கு முழுப்பேர் தெரியாது.

"நம்ம கடை முன்னாடி வண்டி போட்டிருக்காரே."

"அருள் அண்ணனா?"

"அவருதான்."

தட்டைப் பார்க்கிறான். முள்கரண்டியால் கடுகுகளை ஒவ்வொன்றாகத் தட்டோரத்துக்குத் தள்ளுகிறான், சின்ன வயசில் இப்படித்தான் தள்ளுவான். அவன் காது சிவந்திருக்கிறது. அவன் அப்பாவுக்கும் கோபமோ கூச்சமோ வந்தால் காதுதான் சிவக்கும், இது எது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டேன்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா உனக்கு?" குரல் கம்மியிருக்கிறது.

"தோணுச்சு. கேக்கத்தான்டா இம்புட்டும் செஞ்சேன். வாயத் தொறந்தா வேற வந்துருச்சு."

"நான் வேணாம்னு சொன்னா?"

பொய் சொல்ல வேண்டும் என்றால் இதுதான் இடம். நீ வேணாம்னா வேணாம்டா என்று சொன்னால் அவன் முகம் தெளிந்துவிடும், என் மடியில்கூடப் படுத்துக்கொள்வான். "எனக்கு ரொம்பக் கஷ்டமாயிரும்" என்கிறேன். "உன் மேல கோவமும் வரும்."

நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். நான் தலையைக் குனியவில்லை. கருணாகரன் அவன் முதுகுக்குப் பின்னால் படத்திலிருந்து பார்க்கிறார், அவரிடமிருந்தும் நான் கண்ணை எடுக்கவில்லை. யுவாவின் கண் கலங்கியிருக்கிறது, காரம் என்பதுபோல ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறான். தண்ணீர் டம்ளரை நகர்த்துகிறேன். குடிக்கிறான், பாதி டம்ளர்.

"அத்தை சும்மா இருக்காதும்மா."

"இருக்காது."

"தெருவே பேசும்."

"பேசும்டா. எனக்கும் காது இருக்கு."

மறுபடி ஒரு வாய் எடுத்து வைக்கிறான். மெதுவாக மெல்லுகிறான். அந்த ஒரு வாயை அவன் விழுங்கி முடிப்பதற்குள் எனக்கு ஒரு வயசு கூடிவிட்டது. மெல்லும்போதே அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணுகிறது, அழப்போகிறானா, இல்லை, சிரிப்பை அடக்குகிறான்.

"நீ நூடுல்ஸுக்குக் கடுகு தாளிக்கிற ஆளுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாவம்" என்கிறான். தட்டை என் பக்கம் நீட்டுகிறான், இன்னும் கொஞ்சம் வை என்பதற்கு. நான் கரண்டியால் அள்ளிப் போடுகிறேன், நூடுல்ஸ் பாதி தட்டில் விழுகிறது, பாதி மேசையில். அவன் மேசையில் விழுந்ததை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கேட்கிறான்.

"எப்போ?"

"என்னது எப்போ?"

"கல்யாணம்தாம்மா. லீவு சொல்லணும்ல நான்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். இந்த வயசிலா என்றால் ஒரு பதில், அப்பாவை மறந்துட்டியா என்றால் ஒரு பதில், நான் ஊருக்குள்ள எப்படி நடக்கிறது என்றால் ஒரு பதில், பேசாமல் எழுந்து போனால் பின்னாலேயே போய்ச் சொல்ல ஒரு பதில். காலையிலிருந்து, இல்லை, ஒரு மாசமாக யோசித்து வைத்திருக்கிறேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு தேடுகிறேன், தேடுகிறேன், இதற்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

"தெரியலடா" என்கிறேன். "அது வரைக்கும் நான் யோசிக்கவே இல்ல."